வீடு, காணித் தரகுக்கு வேர்ச்சுவல் அசிஸ்டன்ட் தெரிவு செய்வது எப்படி: கொழும்புத் தரகர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கொழும்பில் வாடகை வீடு, தொடர்மாடி, காணி என்று தரகு செய்பவர்கள் பலர், வீட்டிலிருந்தபடியே ஒன்லைனில் வேலை பார்க்கும் உதவியாளர் ஒருவரைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அவர்களில் பலர் கொஞ்ச நாளில் "சரிவரவில்லை" என்று நிறுத்தியும் விடுகிறார்கள். அநேகமாக வந்த ஆளில் பிழை இருக்காது. ஆளைத் தேடுவதற்கு முன் முடிக்கவேண்டிய வேலை முடியாமல் கிடந்திருக்கும். அதனால் கீழே உள்ள படிகளை இதே ஒழுங்கில் செய்யுங்கள். முதல் இரண்டு படிகளைத் தாண்டிப் போனால், மற்றவற்றை எவ்வளவு கவனமாகச் செய்தாலும் பயன் குறைவு.

இந்த வேலைக்கு வருபவரிடம் நான் முதலில் பார்ப்பது, கிடைத்த விபரத்தில் எது குறைகிறது என்று கண்டுபிடித்துத் திரும்பிக் கேட்கும் பழக்கத்தைத்தான். டைப்பிங் வேகம், டிசைன், வீடியோ எடிட்டிங் எல்லாம் அதற்குப் பிறகு.

1. ஒரு வாரத்து வேலையை எழுதிப் பாருங்கள்

ஒரு கொப்பியை எடுத்து, ஒரு முழு வாரத்துக்கு நீங்கள் செய்யும் ஒவ்வொன்றையும் குறியுங்கள். யார் கூப்பிட்டார், எதற்கு, எவ்வளவு நேரம் போனது, அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எழுதினால் போதும். ஞாபகத்திலிருந்து எழுதினால் பெரிய வேலைகள் மட்டும்தான் வரும். நேரத்தைத் தின்பது "இந்த வீடு இன்னும் இருக்கா?" என்ற கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்வது போன்ற சின்ன வேலைகள்.

வாரம் முடிந்ததும் அவற்றை இரண்டாகப் பிரியுங்கள். விளம்பரம் போடுவது, பழைய விளம்பரத்தைப் புதுப்பிப்பது, விசாரணைக்கு முதல் பதில் சொல்வது, வீடு பார்க்க நேரம் எடுத்துக் கொடுப்பது, பார்த்துவிட்டுப் போனவரிடம் மறுநாள் கேட்பது, ஒவ்வொரு வீடும் இன்னும் காலியாக இருக்கிறதா என்று உரிமையாளரிடம் உறுதிப்படுத்துவது – இவற்றை உதவியாளரிடம் கொடுக்கலாம்.

விலை பேசுவது, காணி உறுதியைப் பார்த்துக் கருத்துச் சொல்வது, காசு வாங்குவது ஆகியவை உங்களிடமே இருக்கவேண்டும். காணி விற்பனை நொத்தாரிசு முன்னால் இரண்டு சாட்சிகளோடு கையெழுத்தானால்தான் செல்லும். அப்படியிருக்க, "உறுதி கிளியர்தான்" என்று உதவியாளர் வட்ஸ்அப்பில் ஒரு வார்த்தை எழுதிவிட்டால், நாளைக்கு அதற்குப் பதில் சொல்லவேண்டியவர் நீங்கள்.

2. லிஸ்டிங் விபரங்களை ஒரே ஷீட்டில் போடுங்கள்

பெரும்பாலான தரகர்களுக்கு வீட்டு விபரம் மூன்று இடத்தில் இருக்கும்: பாதி தலையில், மீதி வட்ஸ்அப்பிலும் டயரியிலும். புதிதாக வரும் ஒருவர் தலைக்குள் இருப்பதை வாசிக்க முடியாது. ஒவ்வொரு கேள்விக்கும் உங்களைத்தான் கூப்பிடுவார். அப்போது "நானே செய்திருக்கலாம்" என்ற எண்ணம் உங்களுக்கு வந்துவிடும்.

ஒரு கூகுள் ஷீட் போதும். வீட்டுக்கு ஒரு வரி. நிரல்களில் குறைந்தது இவை இருக்கட்டும்: பகுதி, ஒழுங்கையின் பெயர், காலி வீதிக்குக் கடல் பக்கமா மற்றப் பக்கமா, எத்தனையாம் மாடி, லிஃப்ட், அறை, குளியலறை, பரப்பு, வாகனத் தரிப்பிடம், ஜெனரேட்டர், வாடகை, முற்பணம், பராமரிப்புக் கட்டணம் யார் கட்டுவது, எப்போது காலி, கடைசியாக உறுதிப்படுத்திய திகதி. இந்தக் கடைசி நிரல்தான் மிக முக்கியம். வாடகைக்குப் போய்விட்ட வீட்டைப் பார்க்க வரச்சொன்னால் அந்த வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார்.

பரப்பை எழுதும்போது அலகையும் சேர்த்து எழுதும் பழக்கத்தை இப்போதே தொடங்குங்கள். காணி பேர்ச்சில் வரும், தொடர்மாடி சதுர அடியில் வரும். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, 160 பேர்ச் ஓர் ஏக்கர். வெறும் இலக்கத்தைப் போட்டால், தனி வீட்டின் காணி அளவும் கட்டட அளவும் ஒன்றோடொன்று மாறிப்போகும். விளம்பரங்களில் அடிக்கடி காணும் பிழை இது.

உரிமையாளரின் தொலைபேசி இலக்கத்தையும் அவர் இறங்கக்கூடிய கடைசி விலையையும் இந்த ஷீட்டில் போடாதீர்கள். நிரலை மறைத்து வைத்தாலும், ஷீட்டைத் திருத்த அனுமதி உள்ளவர் திறந்து பார்க்கலாம். அவற்றுக்குத் தனி ஃபைல் வைத்து, உங்களுடனேயே வைத்திருங்கள். வீடு காலியா என்று கேட்பதற்காக எந்த உரிமையாளரிடம் உதவியாளர் பேசவேண்டுமோ, அவருடைய இலக்கத்தை மட்டும் கொடுங்கள்.

3. எந்த மொழி, எந்த நேரம் என்று முடிவெடுங்கள்

வெள்ளவத்தையில் வீட்டுக்காரர் தமிழில் பேசுவார். அதே கட்டடத்தின் காவலாளியும் முகாமைத்துவ அலுவலகமும் சிங்களத்தில் பேசலாம். வாங்க வருபவர் ஆங்கிலத்தில் எழுதலாம். மூன்றிலும் சரளமான ஆளைத்தான் எடுப்பேன் என்று காத்திருந்தால் தேடல் நீண்டுகொண்டே போகும். எந்த மொழி பேச வேண்டும், எது எழுத வந்தால் போதும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். என் கணக்கில் தமிழ் பேச்சும் எழுத்தும், சிங்களம் பேச்சு, ஆங்கிலம் எழுத்து – இவ்வளவு இருந்தால் கொழும்பு 4, 6, 13 பகுதிகளுக்குப் போதும். மலையகத்திலும் கொழும்பு வடக்கிலும் வளர்ந்த பலருக்குத் தமிழும் சிங்களமும் இரண்டுமே வாய்க்கு வரும். ஆள் கொழும்பில்தான் இருக்கவேண்டும் என்றில்லை, ஹற்றனிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் இதைச் செய்யலாம்.

நேரத்தையும் முன்பே தீர்மானிக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள்தான் உங்களுக்கு அதிகம் என்றால், காலை 9 முதல் மாலை 5 வரை வேலை செய்யும் ஆளால் பாதிப் பயன்தான். குளிர்காலத்தில் லண்டன் நம்மைவிட ஐந்தரை மணித்தியாலமும் டொரொன்டோ பத்தரை மணித்தியாலமும் பின்னால் இருக்கும். கோடையில் இரண்டிலும் ஒரு மணித்தியாலம் குறையும். குளிர்காலத்தில் இங்கே இரவு 8 மணி என்றால் லண்டனில் பகல் 2.30, டொரொன்டோவில் காலை 9.30. ஆகவே பின்நேரம் 3 முதல் இரவு 9 வரையான வேலை நேரம் பலருக்குப் பொருந்தும்.

4. எப்படிச் சேர்ப்பது என்று யோசியுங்கள்

தனியாள், நிறுவனம் என்று இரண்டு வழி. நிறுவனம் மூலம் எடுத்தால் ஒருவர் லீவு போட்டாலும் மாற்று ஆள் வருவார். ஆனால் மாற்று ஆளுக்கு உங்கள் வீடுகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. சிறிய தரகுக்கு, பகுதி நேரமாக ஒரு தனியாளை எடுப்பதே நல்லது என்பது என் கருத்து. இந்தத் தொழில் பழக்கத்தில் நிற்கிறது. மூன்றாம் முறை கூப்பிடும் வீட்டுக்கார அன்ரி அதே குரலைக் கேட்க விரும்புவார்.

கொடுப்பனவு முறையையும் இப்போதே தெளிவாக்குங்கள். உங்கள் நேரத்துக்கு, உங்கள் கட்டுப்பாட்டில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவர் ஊழியராகக் கருதப்படலாம். அப்படியென்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு நீங்கள் 12 வீதமும் அவர் 8 வீதமும், நம்பிக்கை நிதிக்கு நீங்கள் 3 வீதமும் கட்டவேண்டும். பல இடங்களுக்கு வேலை செய்து பில் அனுப்பும் சுயாதீன ஆள் என்றால் கணக்கு வேறு. எது உங்களுடையது என்று கணக்காளரிடம் கேட்டுவிட்டுத் தொகையைப் பேசுங்கள்.

வீடு வாடகைக்குப் போனால்தான் காசு என்று முழுக்க கொமிஷனில் எடுக்காதீர்கள். அப்படி எடுத்தவர் உடனே முடியக்கூடிய விசாரணைக்கு மட்டும் ஓடுவார். காலியை உறுதிப்படுத்துவது, ஷீட்டைத் திருத்துவது போன்றவை அப்படியே கிடக்கும். அவரைச் சேர்ப்பதே அவற்றுக்காகத்தானே.

5. அறிவித்தலை எழுதுங்கள்

நீளமாக வேண்டாம். வேலை நேரம், மொழி, செய்யவேண்டிய ஐந்து வேலைகள், கொடுப்பனவு, வீட்டில் இணைய வசதியும் கரண்ட் போனால் மாற்று டேட்டாவும் தேவை என்பது – இவ்வளவும் போதும். கடைசியில் ஒரு சிறிய வேலை கொடுங்கள்: "பதில் அனுப்பும்போது முதல் வரியில் உங்கள் ஊரையும், வேலை செய்யக்கூடிய நேரத்தையும் எழுதுங்கள்." அறிவித்தலை முழுக்க வாசித்தவர் யார் என்று அந்த ஒரு வரி காட்டிக்கொடுக்கும்.

6. சோதனை வேலை கொடுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். நேர்காணலில் எல்லோரும் நன்றாகப் பேசுவார்கள், வேலையில்தான் ஆளைத் தெரியும். மூன்று பேரைத் தெரிந்தெடுத்து, மூவருக்கும் ஒரே சோதனையைக் கொடுங்கள். அதற்குக் காசும் கொடுங்கள். அவர்கள் நேரத்துக்கு விலை இருக்கிறது. அதோடு, காசு வாங்கிச் செய்யும் வேலையில்தான் உண்மையான தரம் தெரியும்.

முதல் சோதனை: உரிமையாளர் ஒருவர் அனுப்பியது போன்ற மெசேஜ் ஒன்றைக் கொடுத்து, இதற்கு விளம்பரம் எழுதச் சொல்லுங்கள். உதாரணமாக:

"தம்பி வெள்ளவத்தை வீடு காலியாகுது. 3 ரூம் 2 பாத். 1250. 4ம் மாடி. 1.6 கேக்கிறன். 6 மாத அட்வான்ஸ். நல்ல குடும்பமா பாருங்கோ."

இதை வாங்கியவுடன் "கடற்காட்சியுடன் கூடிய சொகுசு வீடு" என்று அழகாக எழுதி அனுப்புபவரை விட்டுவிடுங்கள். கடல் தெரிகிறது என்று மெசேஜில் எங்கும் இல்லை. பார்க்க வருபவர் ஜன்னலைத் திறந்து பக்கத்துக் கட்டடச் சுவரைக் கண்டால், பெயர் கெடுவது உங்களுக்கு.

நல்ல ஆள் விளம்பரத்துக்கு முன் கேள்வி அனுப்புவார். எந்த ஒழுங்கை, கடல் பக்கமா? எந்தத் திகதியில் காலி? 1250 என்பது சதுர அடிதானே? 1.6 என்றால் மாதம் ஒரு லட்சத்து அறுபதாயிரமா, பராமரிப்புக் கட்டணம் அதற்குள்ளேயா? லிஃப்ட் இருக்கிறதா? நாலாம் மாடிக்கு இந்தக் கேள்வியைக் கேட்காதவர் வீட்டைக் கற்பனை செய்து பார்க்கவில்லை என்று அர்த்தம். தரிப்பிடம் உண்டா? ஜெனரேட்டர் லிஃப்டுக்கு மட்டுமா, வீட்டுக்கும் சேர்த்தா?

இவற்றைவிடப் பெரிய கேள்வி அட்வான்ஸ் பற்றியது. அந்த ஆறு மாதக் காசு வாடகையில் கழிபடுமா, அல்லது வீட்டை விடும்போது திருப்பித் தரும் வைப்புப் பணமா? இரண்டுக்கும் குடியிருக்க வருபவர் கையில் வைத்திருக்க வேண்டிய தொகை வேறு. கையெழுத்துப் போடும் நாளில் சண்டை வருவதே இங்கேதான். இதைத் தானாகக் கேட்டவர் என்றால், மற்ற இரண்டு சோதனையிலும் கொஞ்சம் குறைந்தாலும் நான் அவரையே எடுப்பேன்.

கேட்கும் விதத்தையும் பாருங்கள். "அன்ரி, வீட்டு விபரம் கிடைத்தது, நன்றி. விளம்பரம் போடமுதல் நாலு விஷயம் கேட்கலாமா?" என்று தொடங்குபவருக்கு இந்த ஊர்ப் பழக்கம் தெரியும். வயதான வீட்டுக்காரருக்கு "டியர் மேடம்" என்று அனுப்பினால் பதில் வர நாளாகும். "நல்ல குடும்பம்" என்றால் என்ன எதிர்பார்க்கிறார் என்பதையும் நயமாகக் கேட்கத் தெரியவேண்டும். சில வேளை எத்தனை பேர் என்பதுதான் அவருடைய கவலை, சில வேளை சைவச் சமையல்.

இரண்டாம் சோதனை தொலைபேசி. டொரொன்டோவிலிருந்து பம்பலப்பிட்டியில் தொடர்மாடி வாங்க விசாரிப்பவராக நீங்களே நடியுங்கள். நடுவில், "கடைசி விலை என்ன, சும்மா சொல்லுங்கோ" என்று அழுத்துங்கள். மரியாதையாக, "அதை அண்ணாதான் பேசுவார், நான் அவரிடம் சொல்லி நேரம் எடுத்துத் தருகிறேன்" என்று நிற்கிறாரா என்று பாருங்கள்.

வெளிநாட்டில் இருப்பவரிடம், இலங்கைக் குடியுரிமை அல்லது இரட்டைக் குடியுரிமை உண்டா என்றும் கேட்டு எழுதவேண்டும். 2014இன் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவருக்குக் காணியை உரிமை மாற்றுவதற்குத் தடை உண்டு. கூட்டாதன (கொண்டொமினியம்) வீடுகளுக்கு விலக்கு இருக்கிறது, அதற்கும் நிபந்தனை உண்டு. விளக்கம் சொல்வது சட்டத்தரணியின் வேலை. உதவியாளர் கேள்வியைக் கேட்டு ஷீட்டில் குறித்தால், நீங்கள் சரியான வீட்டைக் காட்டலாம்.

மூன்றாவது சுருக்கமானது. கட்டடத்தின் காவலாளிக்கோ முகாமைத்துவ அலுவலகத்துக்கோ சிங்களத்தில் கூப்பிட்டு, தரிப்பிட இலக்கத்தை உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். நீங்களும் அழைப்பில் இருந்து கேளுங்கள்.

7. எழுத்தில் ஒப்பந்தம் செய்யுங்கள்

ஒரு பக்கம் போதும். நேரம், கொடுப்பனவு, எத்தனை நாள் முன்னறிவித்தல் என்பவற்றோடு இன்னும் மூன்று விஷயம் கட்டாயம் வேண்டும். விசாரணை இலக்கம், விளம்பரக் கணக்கு, ஷீட் எல்லாம் உங்கள் தொழிலுக்குச் சொந்தம். உங்கள் மூலம் தெரிந்த உரிமையாளரோடு தனியாகத் தரகு செய்யக்கூடாது. வாடிக்கையாளரின் விபரத்தை வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது.

இந்த மூன்றாவதை வெறும் சம்பிரதாயமாக எடுக்காதீர்கள். 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மற்றவருடைய விபரத்தைக் கையாள்பவருக்கான பொறுப்பை வகுத்திருக்கிறது. 2006இன் 6ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல்வாங்கல்களை அறிக்கையிடல் சட்டத்தின் கீழ், வாடிக்கையாளர் யார் என்று சரிபார்க்கும் கடமை காணித் தரகர்களுக்கும் உண்டு. அதற்காக வாங்கும் அடையாள அட்டை, கடவுச்சீட்டுப் பிரதிகள் உதவியாளரின் கைபேசி கலரியில் தங்கிவிடக்கூடாது. நேராக உங்கள் டிரைவ் ஃபோல்டருக்கு வரட்டும்.

8. அணுகலைப் படிப்படியாகக் கொடுங்கள்

முதல் நாளே எல்லாப் பாஸ்வேர்டையும் கொடுப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. முதல் கிழமை ஷீட்டைப் பார்க்க மட்டும் அனுமதி கொடுங்கள், பிறகு திருத்த அனுமதி கொடுக்கலாம். பேஸ்புக் பக்கத்துக்கு உங்கள் சொந்தப் பாஸ்வேர்ட் தேவையில்லை. பதில் எழுதவும் பதிவு போடவும் மட்டும் அனுமதி கொடுக்கும் வசதி அதிலேயே உண்டு.

வட்ஸ்அப்பில் ஒன்றைக் கவனியுங்கள். இணைத்த சாதனமாக உதவியாளரின் கணினியைச் சேர்த்தால், அந்தக் கணக்கின் எல்லா உரையாடலையும் அவர் பார்க்கலாம். இதைக் காட்டு, அதை மறை என்று பிரிக்கமுடியாது. ஆகவே விசாரணைக்கென்று தனி சிம் எடுத்து வட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள். சிம்மும் கைபேசியும் உங்களிடம் இருக்கட்டும். ஒரு கைபேசியோடு நாலு சாதனம் வரை இணைக்கலாம். இரட்டைச் சரிபார்ப்பின் ஆறு இலக்க இரகசிய எண்ணை (PIN) நீங்கள் மட்டும் வைத்திருங்கள். அந்தக் கைபேசியை மேசை லாச்சியில் போட்டு மறந்துவிடாதீர்கள், 14 நாள் பாவிக்காமல் விட்டால் இணைத்த சாதனங்கள் தானாகக் கழன்றுவிடும்.

காசு விஷயத்தில் ஒரே விதி வையுங்கள்: வங்கிக் கணக்கு இலக்கம் உதவியாளரிடமிருந்து யாருக்கும் போகாது. இதை வாடிக்கையாளருக்கும் முதல் பதிலிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் விளம்பரப் போட்டோவை எடுத்து வேறொருவர் முற்பணம் கேட்டு ஏமாற்ற முயன்றாலும், அந்த ஒரு வரி வாடிக்கையாளரைக் காப்பாற்றும்.

9. முதல் மாதம்

ஒவ்வொரு நாளும் வேலை முடியும்போது நாலு வரி கேளுங்கள். இப்படி:

"இன்று வந்த விசாரணை 7. பதில் போனது 7. வீடு பார்க்க நேரம் எடுத்தவர் 2. பதில் தெரியாமல் நிற்பது 1: கொட்டாஞ்சேனை வீட்டுக்குத் தண்ணீர் மீட்டர் தனியா?"

நாலாவது வரிதான் முக்கியம். அதற்கு அன்றிரவே பதில் கொடுங்கள், அது ஷீட்டிலும் ஏறட்டும். அடுத்தமுறை அதே கேள்வி உங்களிடம் வராது. நாலாவது வரி பல நாள் வெறுமையாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். தெரியாததை ஊகித்துச் சொல்கிறாரோ என்று இரண்டு மூன்று உரையாடலைத் திறந்து பாருங்கள்.

வரும் விசாரணை எண்ணிக்கையை வைத்து ஆளை மதிப்பிட வேண்டாம், அது சந்தையைப் பொறுத்தது. வீடு பார்த்துவிட்டுப் போன ஒவ்வொருவரிடமும் மறுநாள் கேட்டாரா, ஏன் பிடிக்கவில்லை என்பதை எழுதினாரா என்று பாருங்கள். "சமையலறை இருட்டு" என்று மூன்று பேர் சொன்னால் அதை வீட்டுக்காரரிடம் சொல்லி வாடகையைப் பேச உங்களுக்குக் கையில் ஆதாரம் இருக்கும்.

மாதக் கடைசியில் ஷீட்டில் ஐந்து வீட்டை எழுந்தமானமாக எடுத்து, நீங்களே உரிமையாளருக்குக் கூப்பிட்டுச் சரிபாருங்கள். விபரம் பொருந்தினால் அடுத்த பகுதி வீடுகளையும் கொடுக்கலாம். ஒன்றிரண்டு பிழைத்தால் எந்த நிரலில் பிழைத்தது என்று காட்டிப் பழக்குங்கள். உறுதிப்படுத்தாமலே திகதியை மட்டும் மாற்றியிருந்தால் தொடரவேண்டாம். அது பழக்கித் திருத்தக்கூடிய பிழை அல்ல.

10. பிரிய வேண்டி வந்தால்

முதலில் நிலுவையில் உள்ள விசாரணைகளின் பட்டியலை வாங்குங்கள், பிறகு மிச்சக் கொடுப்பனவை முடியுங்கள், அதற்குப் பிறகு அணுகலை நீக்குங்கள். அவசரத்தில் அணுகலை முதலில் வெட்டினால், யாருக்கு என்ன சொல்லியிருக்கிறார் என்ற விபரம் உங்களுக்குக் கிடைக்காமல் போய்விடும். நம்பிக்கை முறிந்து பிரியும்போது மட்டும் அணுகலை முதலே வெட்டிவிடுங்கள்.

நீக்கும்போது வட்ஸ்அப்பின் இணைத்த சாதனங்கள், பேஸ்புக் அனுமதி, ஷீட் பகிர்வு, விளம்பரத் தளங்களின் பாஸ்வேர்ட் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். விளம்பரத் தளம்தான் அடிக்கடி விட்டுப்போவது. பட்டியலில் இருப்பவர்களுக்கு அன்றே நீங்கள் கூப்பிட்டு, இனி யார் எந்த இலக்கத்தில் பேசுவார் என்று சொல்லிவிடுங்கள்.